டாக்டர் சோமனை யாரும் பார்த்ததில்லை

போன வாரம் என் பழைய அலுவலகத்திலிருந்து அஞ்சு என்றொரு பெண் போனில் கூப்பிட்டாள். புதிதாகச் சேர்ந்தவள், குரலில் மரியாதை வழிந்தது. வெள்ள முன்கணிப்புப் பிரிவின் கம்ப்யூட்டரில் பழைய புரோகிராம் ஒன்று இன்னும் ஓடுகிறதாம். அதிலிருந்து மணிக்கொரு தடவை ‘சோமன்’ என்ற பெயரில் கிள்ளியாற்றுக்கு ஒரு முன்கணிப்பு வருகிறதாம். புதிய மென்பொருளைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறார்கள், அதில் சோமனைக் குறிப்பிட வேண்டும், அவருடைய பயோடேட்டா கிடைக்குமா என்று கேட்டாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, “சோமன் சார் இப்போழும் உண்டோ மேடம்?” என்றாள்.

இருக்கிறார், அவருக்குச் சாவு கிடையாது என்று சொல்லி வைத்துவிட்டேன். பாவம், அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு வேலை ஓடியிருக்காது. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், ஆட்சேபணை இல்லை.

நான் மலையாளம் பேசும் ஊரில், தமிழ்க்காரர்கள் வாழும் வலியசாலையில் பிறந்து, அதே தெருவில் வாழ்க்கைப்பட்டு, கிள்ளிப்பாலத்தைத் தாண்டி உத்தியோகத்துக்குப் போனவள். கணக்கில் பட்டம் வாங்கியிருந்தேன், ஆற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆகவே வெள்ள முன்கணிப்புப் பிரிவில் எடுத்துக்கொண்டார்கள். முதல் சில வருஷங்களில் அளவுகோலைப் படிக்கக் கற்றேன். நீர்மட்டத்தை வைத்து ஓடும் நீரின் அளவைக் கணக்கிடக் கற்றேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கக் கற்றேன். என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் அம்மா, “ஆத்துல தண்ணி வருமா வராதான்னு சொல்லிண்டிருக்கா” என்பாள். எங்கள் துறையை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

கிள்ளியாறு பெரிய ஆறு இல்லை. நெடுமங்காட்டுப் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கி ஊருக்குள் வரும்போது சாக்கடை என்றே பலர் நினைத்துக்கொள்வார்கள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அதுவும் அப்படித்தான் நடந்துகொள்ளும். ஆனால் மலையில் ஒரு பிற்பகல் கொட்டித் தீர்த்தால், இங்கே வெயில் காயும்போதே தண்ணீர் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். பெரிய ஆறுகள் வருவதற்கு முன்னால் தகவல் சொல்லி அனுப்பும். இந்தச் சின்ன ஆற்றுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. அதனால்தான் அடுத்த சில மணி நேரத்துக்குள் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல ஒரு பிரிவு தேவைப்பட்டது. அந்தப் பிரிவு சொல்வது எந்த அளவுக்குப் பலிக்கிறது என்று பார்க்க இன்னொரு ஆள் தேவைப்பட்டார். அந்த ஆள் நான். முன்கணிப்புகளுக்கு மார்க் போடுவதுதான் என் உத்தியோகம். இத்தனை வருஷத்தில் ஒரு முன்கணிப்புகூட நானாகச் செய்ததில்லை. பரீட்சை எழுதாமல் பேப்பர் திருத்தும் சுகம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் தலைவர் கோசி சார். ஒல்லியான மனிதர். எந்தக் காலத்திலும் மடக்கிய குடை ஒன்று அவர் நாற்காலியின் முதுகில் தொங்கும். நாலு மணிக்கு ஒரு ஏத்தன் வாழைப்பழத்தை எடுத்து, மேஜை மேலிருக்கும் ஸ்கேலால் வட்டம் வட்டமாக வெட்டி, ஒவ்வொன்றாகச் சாப்பிடுவார். அந்த நேரத்தில் வெள்ளமே வந்தாலும் வெளியில் நிற்க வேண்டியதுதான். குரலை உயர்த்த மாட்டார், யாரையும் திட்ட மாட்டார். அவரிடம் இருந்த ஆயுதம் ஒரே ஒரு மலையாள வார்த்தை: “எந்தினேக்காள்?” எதைவிட என்று அர்த்தம். வெள்ளம் கணிக்கும் இந்தக் கம்ப்யூட்டர் மாடல் ரொம்ப நல்லது சார் என்று யாராவது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தால், அவர் கண்ணாடிக்கு மேலே பார்த்து, “எந்தினேக்காள்?” என்பார். வந்தவர் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போவார். நல்லது என்று தனியாக ஒன்று இல்லை, எதைவிட நல்லது என்று சொல்ல வேண்டும் என்பது அவருடைய வேதம். அந்த வார்த்தை எனக்கும் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு சாம்பார் பிரமாதம் என்று என் கணவர் ஒருநாள் சொல்ல, எதைவிட என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவர் சாம்பாரைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதையே விட்டுவிட்டார்.

கோசி சாரின் இன்னொரு பிடிவாதம் கண்ணாடிப் பெட்டி. முன்கணிப்பு வந்தவுடன் அச்செடுத்து, நேரம் போட்டு, கையெழுத்து வாங்கி, வராந்தாவில் இருந்த கண்ணாடி அறிவிப்புப் பலகைக்குள் மாட்டிப் பூட்ட வேண்டும். சாவி அவருடைய பான்ட் பாக்கெட்டில். ஆறு வந்து போன பிறகு, நான் அப்போதே நினைத்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது. நினைத்திருந்தால் பெட்டிக்குள் இருக்க வேண்டும். பெட்டியில் இருப்பதை எடுத்து நான் நாலு அறையாகப் பிரிப்பேன்: வரும் என்றார்கள், வந்தது; வரும் என்றார்கள், வரவில்லை; வராது என்றார்கள், வந்தது; வராது என்றார்கள், வரவில்லை. நாலாவது அறைதான் எப்போதும் பொங்கி வழியும். வராத வெள்ளத்தை வராது என்று சொல்லிப் பேர் வாங்கியவர்கள் எங்கள் துறையில் நிறையப் பேர். அந்த அறையை எட்டிப் பார்த்துவிட்டு ஏமாறாமல் இருப்பதுதான் என் சம்பளத்துக்கு நான் செய்த வேலை.

எதைவிட என்ற கேள்விக்குப் பதில் வேண்டுமே. அதற்காக ஒரு பொம்மை முன்கணிப்பாளனை உருவாக்கினேன். அவன் செய்வது இவ்வளவுதான்: இப்போது ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறதோ, இன்னும் மூன்று மணி நேரம் கழித்தும் அவ்வளவே ஓடும் என்பான். மழையைப் பார்க்க மாட்டான், மலையைப் பார்க்க மாட்டான். புத்தகங்களில் இதற்குக் கம்பீரமான பெயர் ஒன்று உண்டு. நான் ‘சோம்பன்’ என்று பெயர் வைத்தேன். பார்க்க அலட்சியமாகத் தெரிந்தாலும் அவன் லேசுப்பட்டவன் இல்லை. ஆறு பெரும்பாலான நேரம் சும்மா ஓடிக்கொண்டிருப்பதால், சும்மா இருப்பவன் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். லட்சணமான எத்தனையோ மாடல்கள் அவனிடம் தோற்று ஓடியதை நான் கண்ணால் பார்த்தேன்.

இந்த நிலைமையில்தான் வெளியூர்க் கம்பெனி ஒன்று புதிய மாடலோடு வந்தது. அதன் தலைவர் நல்ல உயரம், நல்ல ஆங்கிலம், கையில் சிவப்பு வெளிச்சம் அடிக்கும் பேனா. ஒரு வருஷம் சோதனை, நன்றாக இருந்தால் கிள்ளியாற்றுக் கரைக்கு எச்சரிக்கை கொடுக்கும் பொறுப்பு முழுக்க அவர்களுக்கு என்று பேச்சு. சோதனைக் காலத்திலும் அவர்கள் மாடல் சொல்வதை வைத்துத்தான் நாங்கள் கரையில் இருப்பவர்களுக்குப் போன் செய்ய வேண்டும்.

ஆறு மாதம் கழித்து இடைக்கால அறிக்கை தயாரித்தேன். மார்க் அட்டவணையில் கம்பெனி மாடலுக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் சோம்பன் என்று எழுதி, டைப் செய்யச் சொல்லி சஜியிடம் கொடுத்தேன். சஜி நல்ல பையன், தமிழ் தெரியாது. சோம்பன் என்று உலகத்தில் எவனுக்காவது பெயர் இருக்குமா? சோமன் என்றால் தெருவுக்கு ஒருவர் உண்டு. அறிக்கை மேலே போன பிறகுதான் நான் பார்த்தேன். சஜியைக் கேட்டபோது, “மேடம், ஒரு ‘பி’ கூடுதலாயிருந்நு. ஞான் அது களஞ்ஞு” என்றான். கூடுதல் எழுத்தை நீக்கித் தப்பைத் திருத்திய திருப்தி அவன் முகத்தில். வெறும் பெயராக இருந்தால் மரியாதையாக இருக்காது என்று முன்னால் ‘ஸ்ரீ’ வேறு சேர்த்திருந்தான்.

திருத்தம் அனுப்பலாமா என்று கோசி சாரைக் கேட்டேன். அவர் பழத்தின் கடைசித் துண்டை மென்று முடித்துவிட்டு, வேண்டாம், எவ்வளவு தூரம் போகிறான் பார்ப்போம் என்றார். போனான். தலைமைச் செயலகத்திலிருந்து திரும்பி வந்த அடுத்த கடிதத்திலேயே டாக்டர் பட்டம் வாங்கியிருந்தான். ‘டாக்டர் சோமனின் முறை மிகச் சிறந்த பலன் தந்திருப்பதைத் துறை மகிழ்ச்சியுடன் கவனத்தில் கொள்கிறது’ என்று எழுதியிருந்தார்கள். எங்கள் அறையில் அன்றைக்கு யாரும் வேலை செய்யவில்லை.

சிரிப்பு மே மாதக் கடைசி வரைதான்.

பாலத்துக்குக் கீழே, தாழ்ந்த கரையில், பாக்கியம் ஒரு தையல் கூடம் நடத்தி வந்தாள். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்தில் பிழைப்பு இல்லை என்று ஆனதும் ஊருக்குள் வந்து தையல் படித்து, தன்னைப் போன்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு பள்ளிக்கூட யூனிஃபாரம் தைத்தாள். ஜூன் பிறந்தால் பள்ளிக்கூடம் திறக்கும். அதே வாரம் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் திறக்கும். வருஷ சம்பாத்தியம் முழுக்க அந்த வாரத்தில் அவள் கூடத்தில் துணியாகக் குவிந்து கிடக்கும். மாடியில் ஓர் அறை உண்டு, ஆனால் படி குறுகல், மோட்டார் மெஷின்கள் கனம். எல்லாவற்றையும் மேலே ஏற்ற அவர்களுக்கு மூன்று மணி நேரம் வேண்டும். எனக்கு அந்த மூன்று மணி நேரக் கணக்கைக் கொடுத்தது பாக்கியம்தான்.

மே மாதக் கடைசியில் ஒரு பிற்பகல் மலையில் கொட்டியது, கம்பெனி மாடல் வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை. சொன்னபோது நான் உடனே போன் செய்தேன். பாக்கியம் எடுத்த மாத்திரத்தில், பின்னால் பெண்கள் கத்துவதும் தண்ணீர் சலசலப்பதும் கேட்டது. மெஷின்களைக் காப்பாற்றினார்கள். துணி போயிற்று.

மறுநாள் அவள் அலுவலகத்துக்கு வந்தாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. தைத்து முடித்த ஒரு வெள்ளைச் சட்டையைக் கோசி சாரின் மேஜையில் வைத்தாள். பாதிவரை செம்மண் நிறம்.

“வெள்ளம் வந்தப்பறம் வெள்ளம் வரும்ன்னு சொல்றதுக்கு ஒரு ஆபீஸ் எதுக்கு சாரே?” என்றாள். “இனியும் இப்டி ஆனா எந்த ஸ்கூலும் எங்களுக்கு ஆர்டர் தராது, கேட்டோ. அம்புட்டுதான், நாங்க முடிஞ்சோம்.”

கோசி சார் எழுந்து நின்றார். அமைச்சர் வந்தபோதுகூட அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. அவள் போன பிறகு அந்தச் சட்டையை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் அவரிடம் சாவி வாங்கிப் பெட்டியைத் திறந்து, வெள்ளம் வந்த அன்றைய முன்கணிப்பை எடுத்துப் பார்த்தேன். ஆறு ஏறிய பிறகுதான் மாடல், ஆறு ஏறும் என்று சொல்லியிருந்தது. நடப்பதைப் பார்த்து நடக்கப்போவதாகச் சொல்கிற வித்தை அது. என் சோம்பனும் அதையேதான் செய்திருந்தான். எனக்கு வந்த கோபத்தில் பழைய முன்கணிப்புகளையெல்லாம் எடுத்து மறுபடி மார்க் போட உட்கார்ந்தேன்.

இரண்டு வாரம் கழித்து முடிவெடுக்கும் கூட்டம். துறைச் செயலாளர் அம்மாள் நடுவில். ஒவ்வொருவர் முன்னாலும் பெயர் அட்டை. என் பக்கத்து நாற்காலி காலி, அதன் முன்னால் அட்டையில் ‘டாக்டர் சோமன்’. தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தார்கள்.

கம்பெனித் தலைவர் சிவப்பு வெளிச்சத்தை அடித்து வருஷ மார்க்கைக் காட்டினார். கிட்டத்தட்ட முழு மார்க். மே மாத நிகழ்ச்சியை விதிவிலக்கு என்று ஒரு வரியில் தாண்டினார். செயலாளர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, டாக்டர் சோமனின் மார்க்கும் இதே அளவு இருக்கிறதே, இரண்டு பேரும் சேர்ந்து செய்தால் என்ன என்று கேட்டார். அதற்குக் கம்பெனித் தலைவர், தாராளமாக, சோமனைத் தனக்கு நன்றாகத் தெரியும், ஒரு கருத்தரங்கில் இருவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறோம் என்றார். கோசி சார் மிகுந்த அக்கறையோடு, சோமன் என்ன சாப்பிட்டார் என்று விசாரித்தார். மீன் என்று பதில் வந்தது. நான் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“கோமதி, சோமன் சாரெ ஒந்நு பரிசயப்படுத்து” என்றார் கோசி சார், என் பக்கம் திரும்பி.

எழுந்தேன். சோமன் யார், எப்படி வேலை செய்கிறான், ‘பி’ எங்கே போயிற்று என்பதையெல்லாம் சொல்லி அறிமுகப்படுத்தினேன். தமிழில் சோம்பன் என்றால் என்ன என்பதையும் சொன்னேன். செயலாளரின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. மெமோ நிச்சயம், எந்த மூலைக்குத் தூக்கி அடிப்பார்கள் என்பதுதான் பாக்கி என்று நினைத்தேன். அவர் காலி நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, இவருக்கு நாம் என்ன சம்பளம் கொடுக்கிறோம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அப்படியானால் இவருக்குச் சமமாக வேலை செய்கிற இன்னொருவருக்கு எதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்றார்.

அப்போது கோசி சார் பையிலிருந்து சட்டையை எடுத்து மேஜை மேல் விரித்தார். வருஷ மார்க் வேண்டாம், ஆறு ஏறும் நேரத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள், அதுவும் மூன்று மணி நேரத்துக்கு முன்னால் சொன்னதை மட்டும் பாருங்கள் என்றார். அந்தத் தாள் என்னிடம் தயாராக இருந்தது. அதில் சோம்பனுக்கும் பூஜ்யம், கம்பெனிக்கும் பூஜ்யம். கம்பெனித் தலைவர் பேனாவை அணைத்தார்.

அவரை விரட்டிவிடுவார்கள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். செயலாளர் இன்னும் ஒரு வருஷம் கொடுத்தார், ஒரே நிபந்தனையோடு. ஆறு ஏறும் நேரங்களில், மூன்று மணி நேரம் முன்னதாக, சோமனைத் தோற்கடிக்க வேண்டும். அந்த வரி அப்படியே ஒப்பந்தத்தில் ஏறியது. டைப் செய்யும்போது சஜி தலையை நீட்டி, ஸ்ரீயா டாக்டரா என்று கேட்டான். டாக்டரே இருக்கட்டும் என்றேன்.

கம்பெனித் தலைவரை இங்கே பாராட்டாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. அந்த மனிதர் ஓடிப்போகவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டு நெடுமங்காட்டு மலையில் மழைமானிகள் வைக்க இடம் தேடி அலைந்தார், அட்டைக்கடி பட்டார். மழை விழுந்த இடத்துக்கும் பாலத்துக்கும் நடுவில் தண்ணீர் எங்கெங்கே தேங்குகிறது என்று நடந்தே பார்த்தார். எங்கள் கேன்டீனில் சாப்பிட்டார். அங்கே மீன் வைத்த அன்றெல்லாம், சோமனுக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கட்டுமா என்று கேட்பேன். முதலில் முறைத்தார். பிறகு அவரே கேட்க ஆரம்பித்தார்.

அடுத்த மே மாதக் கடைசி வந்தது. மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிறது. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால், மாடல் எச்சரிக்கை கொடுத்திருக்கிறது: இன்னும் மூன்று மணி நேரம் கழித்து, தண்ணீர் அபாயக் கோட்டைத் தாண்டும். ஜன்னலுக்கு வெளியே பளீரென்று வெயில். பாலத்து அளவுகோலில் அசைவே இல்லை. சோம்பன், கவலை வேண்டாம் என்றான். கோசி சார் காகிதத்தைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு வந்து, போன் செய்ய வேண்டியது உன் வேலை என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு மார்க் போட்டவளுக்கு அன்றுதான் பரீட்சை. வராவிட்டால் பாக்கியம் ஒரு முழுப் பிற்பகல் தையலை இழப்பாள், மறுநாள் காலை கொடுக்க வேண்டிய சட்டை முடியாது, இனி என் போனை எடுக்கவும் மாட்டாள். கூப்பிட்டேன்.

“இங்க நல்ல வெயிலாக்கும் அக்கா” என்றாள். “உறுதியா?”

“உறுதி இல்லை பாக்கியம். நெடுமங்காட்டுல கொட்டறது. கம்ப்யூட்டர் வரும்ங்கறது, சோம்பன் வராதுங்கறான்.”

சோம்பனைப் பற்றி அவளுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தேன். தமிழ் தெரிந்தவள், அந்தப் பெயரின் முழுச் சுவையும் அவளுக்குத்தான் கிடைத்தது.

“போன வருஷம் அந்தச் சோம்பேறிப் பய மாதிரிச் சொன்னதக் கேட்டுத்தானே நனைஞ்சோம்” என்றாள். போனை வைக்காமலே, “எடுங்கடி” என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு நான் நாற்காலியில் உட்காரவில்லை. அளவுகோல் அசையாமல் கிடந்தது. ஊரில் ஒருவர்கூடக் குடையை விரிக்கவில்லை. வெள்ளம் வர வேண்டும் என்று நினைப்பது பாவம், வராவிட்டால் என் மானம் போகும். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு ஆற்றைத் திட்டினேன். நாலு மணிக்குக் கோசி சார் பழத்தை எடுத்தார், வெட்டினார், சாப்பிடாமல் அப்படியே வைத்தார். சற்று நேரத்தில் திரையில் நீர்மட்டக் கோடு மெல்லத் தலை தூக்கியது. பிறகு நிற்கவே இல்லை. பாக்கியத்தின் கூடத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்தபோது அங்கே கீழே இருந்தது ஒரு ஸ்டூல் மட்டும்தான். கம்பெனித் தலைவர் கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இருட்டுவதற்கு முன் பாக்கியம் போன் செய்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். மாடியில் ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான் இருக்கிறது, அதுவும் எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில்தான் தைக்கிறோம், இதையெல்லாம் உங்கள் கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லக் கூடாதா என்று கடிந்துகொண்டாள்.

மறுநாள் காலை அலுவலகம் போகும் வழியில் கிள்ளிப்பாலத்தில் நின்றேன். ஆறு வடிந்து, ஒன்றும் தெரியாததுபோல் ஓடிக்கொண்டிருந்தது. மழை பிசுபிசுக்க, பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு வெள்ளைச் சட்டையில் வரிசையாகப் போனார்கள். புதுத்துணி மொடமொடப்பு கலையாத சட்டைகள். எத்தனையோ வருஷம் நாலு அறைக்குள் கோடு கிழித்தவள் நான். ‘வரும் என்றார்கள், வந்தது’ என்ற முதல் அறையில் இருப்பது எப்படி நடக்கும், எப்படிச் சிரிக்கும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். கண் நிறைந்துவிட்டது, மழை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைக்காமல் நின்றேன். அப்போது ஒரு குட்டிப் பெண் என்னைத் தாண்டிப் போனாள். எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் அவள் சட்டையின் பாக்கெட் இடது பக்கத்துக்குப் பதிலாக வலது பக்கம் தைக்கப்பட்டிருந்தது. அவளும் அதில் கையை விட்டுக்கொண்டு ஜம்மென்று போனாள்.